பட்டியலில் இல்லாத விடுதி மாணவி: ஞானபாரதியிலிருந்து ஒரு வாய்மொழிப் பதிவு

பெங்களூரு பல்கலைக்கழகத்தில் படித்த, வேலை பார்த்த தமிழர்களின் நினைவுகளை ஒலிப்பதிவு செய்யும் வேலையில் நாங்கள் சிலர் இறங்கியிருக்கிறோம். அமைப்பு, பெயர்ப்பலகை எதுவும் கிடையாது. அல்சூர், ஸ்ரீராமபுரம், ஆஸ்டின் டவுன் பக்கத்து ஆட்கள் சிலர், ஒரு ரெக்கார்டர், ஒரு ஹார்ட் டிஸ்க், அவ்வளவுதான். சேர்ந்த பதிவுகளில் எங்களை அதிகம் இழுத்தடித்தது ஒன்று. இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவும் என்று அதை மட்டும் முழுசாக எழுதி வைக்கிறேன்.

சிக்கல் இதுதான். கேஜிஎஃப்பில், அதாவது கோலார் தங்கவயலில், பிறந்து பல்கலைக்கழகத்தின் ஞானபாரதி வளாகத்தில் பொருளாதாரம் எம்.ஏ. படித்த அக்கா ஒருவர், 1991 டிசம்பர் காவிரிக் கலவரத்தின்போது தான் அங்கே பெண்கள் விடுதியில் இறுதியாண்டு மாணவியாக இருந்ததாகச் சொன்னார். ஏதோ போகிற போக்கில் சொன்னதல்ல. அறை ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்தது, கட்டில் எங்கே கிடந்தது என்பது வரை சொன்னார். பேச்சு முடிந்ததும் அவரே பீரோவிலிருந்து ஃபைலை எடுத்துக் காட்டினார். அதில் இருந்த மார்க்ஸ் கார்டின்படி அவருடைய எம்.ஏ. 1990-லேயே முடிந்துவிட்டது.

இடம்

பல்கலைக்கழகத்தின் எழுதப்பட்ட வரலாற்றுக்குக் குறைச்சல் இல்லை. 1964-ல் மைசூர் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்து தொடங்கியது. 1858-ல் பள்ளியாக ஆரம்பித்த சென்ட்ரல் காலேஜும், 1917-ல் விஸ்வேஸ்வரய்யா தொடங்கிவைத்த பொறியியல் கல்லூரியும் அதன் இரண்டு தூண்கள். சி.வி. ராமன் தன் ஒளிச்சிதறல் கண்டுபிடிப்பைப் பற்றி 1928 மார்ச் 16 அன்று பேசியது இந்தப் பெங்களூரில்தான். ராஜாஜி படித்ததும் சென்ட்ரல் காலேஜில். 1973-ல் மைசூர் ரோடு பக்கம் ஆயிரம் ஏக்கருக்கு மேல் பரந்த ஞானபாரதிக்குத் துறைகள் நகர ஆரம்பித்தன. எழுபதுகளில் துணைவேந்தராக இருந்த எச். நரசிம்மையா, அற்புதங்களையும் மூடநம்பிக்கைகளையும் ஆராய 1976-ல் குழு போட்டு நாடு முழுக்கப் பேச வைத்தார். கௌரிபிதனூர்ப் பக்கத்திலிருந்து படிப்பதற்காகப் பெங்களூருக்கு நடந்தே வந்த மனிதர் அவர். இதெல்லாம் கல்வெட்டிலும் மலரிலும் இருக்கிறது.

எங்களிடம் பேசியவர்களில் யாரும் இவற்றிலிருந்து ஆரம்பிக்கவில்லை. ஏறக்குறைய எல்லாருக்கும் பல்கலைக்கழகம் பஸ்ஸில்தான் தொடங்குகிறது. பி.எம்.டி.சி. என்ற நகரப் பேருந்துக் கழகம் வந்தது 1997-ல்தான், அதற்கு முன்பு பி.டி.எஸ். மெஜஸ்டிக்கில் ஏறி மைசூர் ரோட்டில் போகும்போது சாக்கடையாகிப்போன விருஷபாவதி ஆற்றின் நாற்றம் மூக்கில் ஏறும். கர்ச்சீப்பை எடுத்தால் காலேஜ் கிட்ட வந்துவிட்டது என்று அர்த்தம். ஐ.டி.ஐ., எச்.ஏ.எல். தொழிற்சாலைகள், பின்னி மில் தொழிலாளிகளின் பிள்ளைகள், கன்டோன்மென்ட் பக்கத்துப் பிள்ளைகள், எல்லாருடைய பதிவிலும் இந்தக் கர்ச்சீப் வருகிறது. இப்போது மெட்ரோவின் பர்ப்பிள் லைனில் ஏறி ஞானபாரதி ஸ்டேஷனில் இறங்குகிற பிள்ளைகளுக்கு அந்தக் கொடுப்பினை கொஞ்சம் குறைவு.

கேஜிஎஃப் பிள்ளைகளின் பாடு வேறு. மாரிகுப்பத்தில் விடியற்காலை ரயில் பிடித்து நூறு கிலோமீட்டர் வந்து, பிறகு இந்தப் பஸ். தினமும் போய் வர முடியாது என்பதால் விடுதி, இல்லையென்றால் ஊரில் ஏதாவது சித்தி வீடு, மாமா வீடு. நம் அக்காவின் அப்பா சாம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கத்தில் அண்டர்கிரவுண்ட் ஆள். தொழிலாளர் குடியிருப்பில் லைன் வீடு. அந்தச் சுரங்கங்களுக்கு 1902 முதல் மின்சாரம் சிவனசமுத்திரத்திலிருந்து வந்தது, அதாவது காவிரியிலிருந்து. 1991-ஐப் பற்றிப் பேசுகிற இடத்தில் இதைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை.

1991-ல் நடந்தது தெரிந்ததே. ஜூன் 25 அன்று காவிரி நடுவர் மன்றம் தமிழ்நாட்டுக்கு 205 டி.எம்.சி. விடச் சொல்லி இடைக்காலத் தீர்ப்பு கொடுத்தது. அதை முடக்கக் கர்நாடகம் கொண்டுவந்த அவசரச் சட்டம் செல்லாது என்று நவம்பரில் உச்ச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. டிசம்பர் 11 அன்று தீர்ப்பு மத்திய அரசிதழில் வெளியானது. அடுத்த இரண்டு நாட்களில் பெங்களூரில் தமிழர் பகுதிகளில் வீடுகளும் கடைகளும் எரிந்தன, உயிர்கள் போயின, ஊரடங்கு வந்தது, ஆயிரக்கணக்கானோர் ஊரை விட்டே போனார்கள்.

முதல் பேட்டி

முதல் பேட்டியை நாங்கள் ஆரம்பித்த விதம் சரியில்லை என்று பிறகு கேட்கும்போது பளிச்சென்று தெரிகிறது. "யூனிவர்சிட்டி வாழ்க்கை எப்படி இருந்ததுக்கா?" இந்தக் கேள்விக்கு உலகத்தில் ஒரே பதில்தான் உண்டு. பேராசிரியர்கள் தெய்வம் மாதிரி, அந்த நாள் திரும்ப வராது, இப்போதைய பிள்ளைகளுக்கு அது கிடைக்கவில்லை. பட்டமளிப்பு விழாப் பேச்சுக்கு ஆகும், வரலாற்றுக்கு ஆகாது. வாய்மொழி வரலாற்றுப் பதிவுகள் பாதிக்கு மேல் இப்படி வாழ்த்துரையாகப் போய்விடுவதற்குக் காரணம் பேசுகிறவர் அல்ல, கேட்கிறவர்.

1991 வந்ததும் குரல் மாறியது.

"மைசூர் ரோடு பக்கம் புகை தெரிஞ்சுது தம்பி. ரூம் லைட்டப் போடாதன்னுட்டா என் ஃப்ரெண்டு. ஃபைனல் இயர் இல்ல, படிக்கணும், புக்க மடில வெச்சுக்கிட்டு இருட்டுல உக்காந்திருந்தேன். வார்டன் மேடம் வராண்டாவுல போய்க்கிட்டும் வந்துக்கிட்டும் இருந்தாங்க. எதுவும் கேக்கல."

பதிவை எழுத்தாக்கும் பொறுப்பு எங்களில் இளையவளான ஒரு தங்கையினுடையது. ஒரு மணி நேரப் பேச்சை எழுதி முடிக்க ஆறேழு மணி நேரமாவது பிடிக்கும். தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் முடிகிற வாக்கியங்களில் தானியங்கி மென்பொருள் கையைத் தூக்கிவிடுகிறது. இந்த அக்காவின் வாக்கியங்கள் பெரும்பாலும் அந்த ரகம். அவள்தான் மார்க்ஸ் கார்டு நகலையும் எழுத்துப் பிரதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வருஷம் இடிக்கிறது என்று சொன்னாள். "நினைவுப் பிழைன்னு ஒரு குறிப்புப் போட்டு விட்டுடலாமா அண்ணா?"

போட்டிருக்கலாம். பெரும்பாலான இடங்களில் அதுதான் நடக்கிறது. ஆனால் வாய்மொழி வரலாற்றுத் துறையில் எல்லாரும் படிக்கிற பழைய சம்பவம் ஒன்று உண்டு. இத்தாலியில் டெர்னி என்ற உருக்காலை ஊர். 1949 மார்ச்சில் நேட்டோ எதிர்ப்புப் போராட்டத்தில் லூயிஜி த்ராஸ்துல்லி என்ற இளம் தொழிலாளி போலீஸ் சுட்டு இறந்தார். இருபது முப்பது வருஷம் கழித்து அலெஸாந்த்ரோ போர்த்தெல்லி என்ற ஆய்வாளர் அந்த ஊரில் விசாரித்தபோது, பலர் அந்தச் சாவை 1953-ல் ஆயிரக்கணக்கானோரை வேலையிலிருந்து நீக்கியபோது நடந்ததாகச் சொன்னார்கள். தேதி தப்பு. ஆனால் ஊரே சேர்ந்து ஒரே மாதிரி தப்புவதற்கு ஒரு காரணம் இருக்கும் இல்லையா? பதில் சொல்ல முடியாமல் போன ஒரு சாவை, தாங்கள் எழுந்து தெருவில் நின்ற வருஷத்தோடு அவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் பாடத்தைப் படித்துவிட்டு "நினைவுப் பிழை" என்று எழுதக் கை வராது.

அதற்காக அக்காவிடம் போய் "உங்க கார்டுல 1990-ன்னு இருக்கே" என்று கேட்கவும் இல்லை. அப்படிக் கேட்டால் அது பேட்டி அல்ல, குறுக்கு விசாரணை.

சமையற்காரர்

இடையில் வேறொரு பதிவு. திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து இளம் வயதில் வந்து, விடுதி மெஸ்களில் சமையல் செய்து ஓய்வு பெற்ற பெரியவர். அக்காவும் அவரும் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். நாங்களும் அக்காவைப் பற்றி அவரிடம் மூச்சு விடவில்லை.

கலாட்டாக் காலத்தில் மெஸ் எப்படி நடந்தது என்று கேட்டதற்கு, "ராஜ்குமார வீரப்பன் கொண்டுபோனப்ப" என்று ஆரம்பித்தார். மெஸ் பட்டியலில் இல்லாத பெண்கள் சிலர் அப்போது விடுதியில் வந்து தங்கியதாகவும், அவர்களுக்கும் சேர்த்து உலை வைத்ததாகவும் சொன்னார். கன்னட நடிகர் ராஜ்குமார் கடத்தப்பட்டது 2000 ஜூலை 30. விடுவிக்கப்பட்டது அதே ஆண்டு நவம்பர் 15. மொத்தம் 108 நாள். அப்படியானால் இது அக்காவின் கதையோடு சேராத வேறு சம்பவம் என்று நினைத்தோம்.

பிறகு சமையலுக்குள் போனார். அங்கேதான் முடிச்சு அவிழ்ந்தது. வாய்மொழிப் பதிவில் ஒருவர் தன் கைவேலையைப் பற்றிப் பேசுகிற இடம்தான் தங்கம் விளைகிற இடம்; அங்கே யாருக்கும் மேடைப் பேச்சு வராது.

"அரிசி லாரி வரல சார். ராகி மாவு இருந்துச்சு, களி கிண்டினோம். மாகடிலருந்து ஒரு விவசாயி, மார்க்கெட்டு மூடிட்டாங்க, ரோட்டுல போவ முடியல, அவரைக்கா மூட்டைய நம்ம கேட்டுலயே இறக்கிட்டு குடுக்கறத குடுன்னுட்டாரு. நாலஞ்சு மூட்ட. ரூமுல பயந்துகிட்டு உக்காந்திருக்கறதுக்கு வாங்கம்மான்னு பொண்ணுங்களக் கூப்ட்டேன். காய உரிச்சு, கொட்டைய ராத்திரி ஊறப் போட்டு, காலைல எல்லாம் வட்டமா உக்காந்து பிதுக்குச்சுங்க."

பிதுக்கம் பருப்பு தெரியாதவர்களுக்காக: ஊறிய அவரைக் கொட்டையைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினால் பருப்பு வழுக்கி வெளியே ஓடும், தோல் விரலில் ஒட்டிக்கொள்ளும். ஒரு படி பிதுக்குவதற்குள் நகக்கண் எரிய ஆரம்பிக்கும். கையிலிருந்து சொகடு வாசனை போக ஒரு நாள் ஆகும். பெங்களூர்க்காரர்களுக்கு அந்த வாசனை வராவிட்டால் அது அவரைக்காயே இல்லை. தேங்காய், பச்சை மிளகாய், கொத்தமல்லி அரைத்து விட்ட பிதுக்கம் பருப்புக் குழம்பும் களியும் இந்த ஊரில் பனிக்காலச் சாப்பாடு. சீசன் மார்கழி, தை. டிசம்பர் வந்தால் தெருவுக்குத் தெரு அவரைக்காய் குவிந்து கிடக்கும். ஆகஸ்டில் மூட்டை மூட்டையாக அவரைக்காய் யாரும் கொண்டுவந்து இறக்கியிருக்க முடியாது. ராஜ்குமார் கடத்தலின் 108 நாளும் அவரை சீசனுக்கு முன்பே முடிந்துவிட்டது.

அடுப்பைக் கேட்டோம். விறகடுப்பு என்றார். ராஜ்குமார் காலத்தில்? "அப்ப கேஸ் வந்துருச்சே," என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். "அப்ப இது காவிரி கலாட்டா போல." தேதியை நாங்கள் எடுத்துக் கொடுக்கவில்லை, விறகும் அவரைக்காயும் அவரை அங்கே கொண்டுபோய் விட்டன. இரண்டு முறையும் தமிழ்த் தொழிலாளிகள் வெளியே போகாமல் உள்ளேயே கிடந்ததால் இரண்டும் அவருக்கு ஒன்றாகிவிட்டிருந்தன.

இரண்டாம் பேட்டி

அக்காவிடம் மறுபடி போனபோது சமையற்காரரைப் பற்றிச் சொல்லவில்லை. கேட்டது ஒன்றுதான்: அந்த நாட்களில் மெஸ்ஸில் என்ன சாப்பாடு?

"களி. பிதுக்கம் பருப்பு. நான்தான் நெறைய பிதுக்குனேன்." சிரித்தார். "மத்த பொண்ணுங்க கொஞ்சம் பிதுக்கும், எழுந்து போயிரும். நான் எழுந்திரிக்கல. எங்கிட்ட மெஸ் கார்டு இல்லையே தம்பி."

இறுதியாண்டு மாணவிக்கு ஏன் மெஸ் கார்டு இல்லை? நாங்கள் கேட்கவில்லை. சொன்ன வேகத்தில் அவரே நிறுத்திவிட்டார். ரெக்கார்டரில் அந்த இடத்தில் நீளமான மௌனம், பின்னால் குக்கர் விசில். பிறகு சொன்னது வேறு கதை.

எம்.ஏ. முடித்துவிட்டு ஸ்ரீராமபுரத்தில் சித்தி வீட்டில் இருந்தார். பிள்ளைகளுக்கு டியூஷன், நடுவில் பேங்க் எக்ஸாம். டிசம்பர் 12 சாயங்காலம் தெருக்கோடியில் சத்தம் கேட்டதும், வயசுப் பெண்ணை வீட்டில் வைத்துக்கொள்ள சித்திக்குப் பயம். ஊருக்கு ரயில் ஏறவும் வழி இல்லை. எம்.ஃபில். சேர்ந்து இன்னும் விடுதியிலேயே இருந்த பழைய அறைத்தோழி, மண்டியாப் பக்கத்துக் கன்னடப் பெண், நினைவுக்கு வந்தாள். சித்தப்பாவின் நண்பர் ஒருவர் ஸ்கூட்டரில் உள்தெருக்கள் வழியாகக் கொண்டுபோய் விட்டார். தோழி கேட்டுக்கே வந்து நின்றிருந்தாள். "ஏனூ கேளபேடா, ஒளகே பா" என்றாளாம். எதுவும் கேட்காதே, உள்ளே வா. இந்த வாக்கியத்தை மட்டும் அக்கா இரண்டு பேட்டியிலும் ஓர் எழுத்து மாறாமல் சொல்லியிருக்கிறார். முதல் பேட்டியில் அது புகையைப் பார்க்கப் போய்த் திரும்பியவளைத் தோழி உள்ளே இழுத்த கதையில் வருகிறது.

விடுதி நாட்களைப் பற்றி இன்னொன்றும் சொன்னார். "மெஸ்ல ஒரு அண்ணா தமிழ்தான். படிக்கும்போதே தெரியும், தமிழ்லதான் பேசுவாரு. அந்த நாலு நாளும் எங்கிட்ட கன்னடத்துலயே பேசினாரு. நானும் கன்னடத்துலயே பதில் சொன்னேன்."

அந்த அண்ணாவும் எங்கள் பெரியவரும் ஒருவரேதான் என்று முடிச்சுப் போட ஆசையாகத்தான் இருந்தது. பெரியவர் தன் பேச்சில் "கோலார் பக்கத்துப் பொண்ணு ஒண்ணு, மிஷின் மாதிரி பிதுக்கும்" என்றும் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த மெஸ்ஸில் வேறு தமிழ்ச் சமையற்காரர்களும் இருந்ததாக அவரே சொல்கிறார்; கோலார் பக்கத்துப் பெண்களும் அந்த விடுதியில் ஒருவர் அல்ல. இரண்டு பேரையும் கூட்டி வைத்துக் கேமராவில் எடுத்தால் நல்ல காட்சி கிடைக்கும், ஆனால் அதன்பிறகு அவர்கள் சொல்வது சாட்சியம் ஆகாது. ஒருவர் பதிவு இன்னொருவர் காதுக்குப் போகாமலே வைத்திருக்கிறோம்.

ஏன் இத்தனை வருஷமாக மாணவி என்றே சொல்லி வந்தார்? இதைக் கேட்கலாமா என்று எங்களுக்குள் ஒரு வாக்குவாதமே நடந்தது. கடைசியில் கேட்க வேண்டிய அவசியம் வரவில்லை.

"ஸ்டூடண்டா இருந்தா அங்க இருக்கறதுக்கு யார் கிட்டயும் கேக்க வேண்டியதில்ல பாரு. அம்மா கிட்ட, ஆஃபீஸ்ல, எல்லார் கிட்டயும் ஹாஸ்டல்ல இருந்தேன்னே சொல்லிட்டேன். சொல்லிச் சொல்லி எனக்கே அப்படித்தான் ஆயிருச்சு."

எதை வைத்தோம், எதை மூடினோம்

மார்க்ஸ் கார்டு பொய் சொல்லவில்லை. அது சொல்ல வேண்டியதைச் சரியாகச் சொன்னது. அது இல்லாவிட்டால் நாங்கள் இரண்டாவது முறை போயிருக்கவே மாட்டோம். பெரியவரின் நினைவோ ஒன்பது வருஷம் தள்ளிப் போயிருந்தது. ஆகவே காகிதத்தை விட வாய் உசத்தி என்று கொடி பிடிக்க நான் வரவில்லை. நான் சொல்வது இதைத்தான்: கார்டு இல்லாதவர்களைத் தங்க வைத்ததும், அவர்களுக்குச் சோறு போட்டதும், வார்டன் பார்த்தும் பார்க்காமல் போனதும் விதிக்குப் புறம்பான காரியங்கள். செய்தவர்கள் வேண்டுமென்றே எழுதாமல் விட்டவை. அன்றைக்கு விடுதிப் பதிவேட்டில் அந்தப் பெயர் ஏறியிருந்தால் அதுவே ஆபத்து. அப்படிப்பட்ட ஒன்றை எந்த ஆவணக் காப்பகத்தில் போய்த் தேடுவது? துணைவேந்தர் பட்டியல் தப்பே இல்லாமல் கிடைக்கும். இது கிடைக்காது.

முதல் பேட்டியை அழித்துவிடலாமா என்று அக்காவே கேட்டார். அவர் உரிமை அது. ஒப்புதல் படிவத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறோம். ஒரு வாரம் யோசிக்கச் சொன்னோம். "ரெண்டும் இருக்கட்டும்" என்றார். இரண்டையும் வெட்டாமல் ஒட்டாமல் வைத்திருக்கிறோம். முதல் பதிவில் "பிழை" என்ற குறிப்பு இல்லை. "இரண்டாம் பதிவையும் சேர்த்துக் கேட்கவும்" என்று மட்டும் இருக்கிறது. தோழியின் பெயரும் துறையும் வருகிற பகுதியை அக்கா கேட்டுக்கொண்டபடி மூடிவிட்டோம். அந்தத் தோழியைத் தேடிப் போகலாம் என்று எங்களில் ஒருவர் துடித்தார். அக்கா வேண்டாம் என்றதும் அந்தப் பேச்சு முடிந்தது.

அட்டவணையில் எங்கே சேர்ப்பது என்பது சின்னத் தலைவலி. 2017-ல் பல்கலைக்கழகம் மூன்றாகப் பிரிந்த பிறகு கோலார் மாவட்டக் கல்லூரிகள் பெங்களூரு வடக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டன. சென்ட்ரல் காலேஜ் நகரப் பல்கலைக்கழகத்தின் பக்கம். சான்றிதழில் உள்ள பெயரையே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். முன்னாள் மாணவர், ஊழியர் என்று வைத்திருந்த இரண்டு தலைப்போடு "விடுதி" என்று மூன்றாவது ஒன்று சேர்ந்தது. இப்போதைக்கு அதில் இந்த இரண்டு பேர்தான்.

கேள்விப் பட்டியலும் மாறிவிட்டது. "வாழ்க்கை எப்படி இருந்தது" போயேவிட்டது. அடுப்பு எது, தண்ணீர் எங்கிருந்து, எந்த மாதம் என்ன காய், லீவு விட்டால் யார் ஊருக்குப் போகாமல் தங்கினார்கள், யாரிடம் கார்டு இருந்தது. அரசியலை நாங்கள் முதலில் எடுப்பதில்லை; சாப்பாட்டில் ஆரம்பித்தால் அது தானே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அதே மெஸ்ஸில் வேலை செய்த இன்னொருவர் தருமபுரியில் இருப்பதாகப் பெரியவர் சொல்லியிருக்கிறார். கணக்கு எழுதியது அவர்தானாம். அவரிடம் கேட்க வேண்டியது, கார்டு இல்லாதவர்கள் சாப்பிட்ட அந்த நாட்களின் செலவை மாதக் கடைசியில் எந்தக் கணக்கில் எழுதினார் என்று.